புது டிராக்டர் எடுக்கப் போறீங்களா? டிஸ்கவுண்ட் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுட்டுப் போங்க

ஷோரூம் போனதும் "எவ்ளோ குறைப்பீங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க. எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து மொத்தம் எவ்ளோ போகும்னு கேளுங்க, அதையும் கொட்டேஷனா எழுதி வாங்குங்க. ஒரு இடத்துல குறைச்சதை இன்னொரு இடத்துல ஏத்திக்கிறது டீலருக்கு ரொம்ப சுலபம்.

கம்பெனி போடுற பட்டியல் விலைக்கும் டீலர் கம்பெனிக்குக் கட்டுற விலைக்கும் நடுவுல இருக்கறதுதான் அவரோட மார்ஜின். அதுலதான் ஆள் சம்பளம், டெலிவரிக்கு முன்னாடி வண்டியை செக் பண்ற செலவு எல்லாம் போகணும், அதனால அதையே சுரண்டிக்கிட்டு இருந்தா கொஞ்சம்தான் கிடைக்கும். பெரிய குறைப்பு வர்றது வேற ரெண்டு இடத்துல இருந்து. ஒண்ணு, இத்தனை வண்டி வித்தா இவ்ளோன்னு கம்பெனி தர்ற டார்கெட் போனஸ், மாசக் கடைசி காலாண்டுக் கடைசில ஒரு வண்டி குறைஞ்சா அதை முடிக்க டீலரே இறங்கி வருவார். இன்னொண்ணு ஸ்டாக் வட்டி. பெரும்பாலும் டீலர்கள் வண்டியைக் கடன்லதான் எடுத்து நிறுத்துறாங்க, வட்டியில்லாத காலம் முடிஞ்சதும் வண்டி நிக்க நிக்க அவங்களுக்கு வட்டி ஓடும்.

அதனால எந்த வண்டி எத்தனை நாளா நிக்குதுன்னு பாருங்க. நான் எடுத்தப்போ யார்டுல பின்வரிசையில ஒரு வண்டி, சீட் கவர் மேல தூசி படிஞ்சு, பானெட் ஸ்டிக்கர் வெயில்ல வெளுத்திருந்துச்சு. டயர் ஓரத்துல 4 இலக்கத்துல தேதி கோட் இருக்கும், 3123ன்னா 2023ல 31வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். அதையும் சேஸிஸ் நம்பர் தகட்டுல இருந்த தயாரிப்பு வருஷத்தையும் சேர்த்துக் காட்டிக் கேட்டேன், முன்வரிசை வண்டிக்கு அசையாத ஆளு இதுக்கு உடனே கால்குலேட்டரை எடுத்தார். ஆனா இப்படி எடுத்தா பேட்டரி, டயர் வெடிப்பு பாத்துக்கங்க, வாரண்டி டெலிவரி தேதியில இருந்துதான்னு எழுதி வாங்கிக்கங்க.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்ச்ல விடறீங்களா, அதைப் பத்தி கடைசியா பேசுங்க. பட்டியல் விலை 100னு வெச்சுக்கங்க. புதுசுக்கு 8 குறைச்சு பழசை 30க்கு எடுத்தாலும் 62 கட்டணும், 3தான் குறைச்சு பழசை 35க்கு எடுத்தாலும் அதே 62தான். ரெண்டாவதைக் கேட்டுட்டு நம்ம பழைய வண்டிக்கு நல்ல மதிப்பு குடுத்துட்டாருன்னு சந்தோஷப்பட்டு வர்றவங்க நிறைய பேர்.

வட்டியில்லா தவணையும் இப்படித்தான், பெரும்பாலும் அதை எடுத்தா கேஷ் டிஸ்கவுண்ட் கிடையாதும்பாங்க. கேஷுக்கு 90, தவணைக்கு 100, 48 மாசம் சமமா கட்டணும்னா அது வட்டியில்லாம இல்ல, குறையுற அசல் மேல வருஷத்துக்கு சுமார் 5.3 சதவீதம் வட்டி கட்டுற மாதிரி. பேங்க்ல இதைவிடக் கம்மியா கிடைச்சா கேஷ் டிஸ்கவுண்ட் எடுங்க, அதிகம்னா தவணையே லாபம். பிராசஸிங் சார்ஜ், இன்சூரன்ஸ் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

ரெண்டு மூணு டீலர்கிட்ட கொட்டேஷன் வாங்குங்க, ஆனா ஒரே மாடல், ஒரே டயர் சைஸ், ஒரே கியர் பாக்ஸா இருக்கணும், இன்ஜின் ஹெச்பியும் பிடிஓ ஹெச்பியும் (ரோட்டவேட்டர் மாதிரி கருவியை ஓட்ட பின்னாடி ஷாஃப்ட்ல கிடைக்கற பவர்) வேற வேற, ஒருத்தர் இதையும் இன்னொருத்தர் அதையும் சொன்னா ஒப்பிடவே முடியாது. வித்தியாசம் கொஞ்சம்தான்னா நான் பக்கத்துல சர்வீஸ் இருக்கற டீலர்கிட்டதான் எடுப்பேன், வேலை நடக்கற நேரத்துல வண்டி நின்னுட்டா மெக்கானிக் அன்னிக்கே வர்றது அந்தப் பணத்தைவிட பெருசு.

விலையில இனி இறங்க மாட்டேன்னு சொன்னா முன் வெயிட் (முன்பக்கம் தூக்காம இருக்க மாட்டற எடை), கூடுதல் ஹைட்ராலிக் வால்வு, முதல் சர்வீஸ் ஆயிலும் ஃபில்டரும் கேளுங்க. இதெல்லாம் அவருக்கு அடக்க விலை, நமக்கு சில்லறை விலை, அதனால சீக்கிரம் ஒத்துக்குவார். அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி இதையும் கொட்டேஷன்லயே ஏத்தச் சொல்லுங்க. எனக்கு வாயால சொன்ன முன் வெயிட் டெலிவரி அன்னிக்கு வரல, எழுதி வாங்கியிருந்த ஆயிலும் ஃபில்டரும் வந்துச்சு.