ஐந்து விரலைக் கடக்கும் நாள்: யூக்கான் ஆற்றில் கேனோப் பயணிகளுக்கு

கனடாவின் வைட்ஹார்ஸ் நகரிலிருந்து டாசன் சிட்டி வரை யூக்கான் ஆற்று வழி சுமார் 715 கிலோமீட்டர். நண்பர்களோடு நிதானமாகத் துடுப்பு வலித்தால் இரண்டு வாரம் பிடிக்கும். அதில் ஒரு நாளை மட்டும், கார்மாக்ஸ் ஊரிலிருந்து கிளம்பி, பாறைகளுக்கிடையே ஆறு சீறிப்பாயும் இடமான ஐந்து விரல் விரைவோட்டத்தை (Five Finger Rapids) கடக்கும் நாளை மட்டும், இங்கே எடுத்துக்கொள்கிறேன். நால்வர், இரண்டு கேனோ (துடுப்பால் வலிக்கும் ஒடுக்கமான திறந்த படகு) என்பது கணக்கு. ஆறே இழுத்துச் செல்வதால் தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சாமான் ஏற்றுவது, கரையை விட்டு விலகுவது, மீண்டும் கரை சேர்வது ஆகிய மூன்றில்தான் அந்த நாள் கெடுவதும் தேறுவதும்.

ஜூன் கடைசியில் அங்கே இரவு சரியாக இருட்டுவதில்லை. ஆகவே வெளிச்சத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்து எழ வேண்டும். இருவர் கஞ்சியோ உப்புமாவோ கிண்ட, மற்ற இருவர் கூடாரத்தைப் பிரிக்கலாம். யாருக்கு எந்த வேலை என்பதை முதல் நாளே பேசிவிடுவது நட்புக்கும் நல்லது.

கேனோவைக் கூழாங்கல் மேல் வைத்துச் சாமான் ஏற்றக் கூடாது. பாரம் தாங்காமல் அடிப்பாகம் கீறிப்போகும். தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒருவர் பிடித்துக்கொள்ள, கனமான உணவுப் பீப்பாய்களை நடுவில் தாழ வைத்து, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் ஒரு விரற்கடை அமிழும்படி ஏற்றுங்கள். எல்லாவற்றையும் கட்டிய பிறகு, காலில் சிக்கும் கயிற்று நுனிகளைச் செருகிவிடுங்கள். விசிலும் நீர் புகாத தீப்பெட்டியும் பையில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். கவிழ்ந்த கேனோ உங்களுக்கு முன்னே போய்விட்டால், நீங்கள் அணிந்திருக்கும் லைஃப் ஜாக்கெட்டின் பைக்குள் இருப்பது மட்டுமே உங்கள் சொத்து.

கிளம்பும்போது படகின் மூக்கு நீர் வரும் திசையைப் பார்த்திருக்கட்டும். சற்றுச் சாய்வாக நீரோட்டத்துக்குள் நுழைந்ததும் ஆறு மூக்கைப் பிடித்துத் திருப்பும். அந்த நொடியில் இருவரும் நீர் போகும் பக்கமாகச் சாய வேண்டும். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்பவர்களே அதிகம் கவிழ்கிறார்கள். முன்னால் இருப்பவர் வேகத்தைத் தீர்மானிக்கிறார், பின்னால் இருப்பவர் திசையை. பின்னவர் ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பின் தட்டை மெல்ல வெளிப்பக்கம் திருப்பித் தள்ளினால், பக்கம் மாற்றாமலே படகு நேராகப் போகும். வளைவுகளின் வெளிப்புறத்தில் ஆறு கரையை அரித்திருக்கும். அங்கே வேரோடு சாய்ந்த ஊசியிலை மரங்கள் நீர்மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் அவற்றுக்கு அடியில் நுழைந்து போய்விடும், படகு போகாது. விரைவோட்டத்தைவிட இவற்றுக்கே நான் அதிகம் அஞ்சுவேன்.

கார்மாக்ஸிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில், நான்கு பாறைத் தீவுகள் ஆற்றை ஐந்து நீர்க்கால்களாகப் பிரிக்கின்றன. நீர் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தால் வலக்கைப் பக்கம் உள்ள கடைசிக் கால்தான் உங்களுடையது. அக்காலத்து நீராவிக் கப்பல்களும் அதன் வழியேதான் போய்வந்தன. பாறை கண்ணில் பட்ட பிறகு வலப்பக்கம் ஒதுங்கலாம் என்றிருந்தால் தாமதமாகிவிடும். மிக முன்பே ஒதுங்கிவிடுங்கள். தொப்பியின் நாடாவைக் கட்டி, இருக்கையை விட்டிறங்கி மண்டியிடுங்கள். வழவழப்பாக ஆப்பு வடிவில் இறங்கும் நீரின் நடுவே படகை விட்டு, அலை வந்ததும் விளிம்பைப் பிடிக்காமல் துடுப்பைத் தொடர்ந்து வலியுங்கள்; துடுப்பு தண்ணீரில் இருக்கும்வரை அது ஊன்றுகோல். முதல் படகு கீழே அமைதியான நீரில் ஒதுங்கிக் காத்திருக்க, அதன் பிறகே இரண்டாவது இறங்க வேண்டும். கவிழ்ந்தால் படகுக்கு மேல்நீர்ப் பக்கம் இருந்து, கால்களை மேலே தூக்கியபடி மிதந்து வாருங்கள். சுமார் 10 கிலோமீட்டர் கீழே ரிங்க் விரைவோட்டம் உண்டு, அங்கும் வலப்பக்கமே.

மாலை நான்கு மணிக்கே தங்குமிடம் தேடத் தொடங்குங்கள். காற்று வீசும் கூழாங்கல் தீவு கிடைத்தால் கொசு குறைவு. நாங்கள் ஒருமுறை நல்ல தீவு ஒன்றின் எதிரே வந்த பிறகு "இங்கே இறங்கலாமா?" என்று விவாதித்தோம், விவாதம் முடிவதற்குள் தீவு முடிந்துவிட்டது. மேல்நோக்கித் திரும்பி அரைமணி நேரம் வலித்தும் ஒரு புதரைக்கூடத் தாண்ட முடியாமல், அடுத்த சேற்றுக் கரையில் ஈரக் காலோடு இரவைக் கழித்தோம். தூரத்திலேயே முடிவெடுத்து, மூக்கை நீர் வரும் திசைக்குத் திருப்பி, பக்கவாட்டில் நகர்ந்து தீவின் தலைப்பகுதியில் கரை சேர்வதே முறை.

சமையலும் சாப்பாடும் கூடாரத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். புளிக்காய்ச்சல் இரண்டு வாரப் பயணத்துக்கு அருமையான துணைதான், ஆனால் அதன் வாசனை நமக்கு மட்டும் பிடித்தமானதல்ல. உணவோடு பற்பசை, சோப்பு ஆகியவற்றையும் கரடி திறக்க முடியாத பீப்பாயில் பூட்டிச் சமையலிடத்திலேயே விட்டுவிட்டு, கரடி ஸ்பிரேயை மட்டும் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் அதை ஏற்றவிடமாட்டார்கள் என்பதால் வைட்ஹார்ஸிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

படுக்கும் முன், கேனோக்களை ஆற்றை விட்டு நன்றாக மேலே தூக்கிக் கவிழ்த்து மரத்தில் கட்டுங்கள். இரவில் நீர் ஏறக்கூடும். யார் கட்டினாலும் இன்னொருவர் போய் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வரட்டும்.