அடிதடி கேஸ்ல உங்க பேரு வந்துடுச்சா? முதல்ல ஜிஎச்சுக்குப் போங்க

வரப்புத் தகராறு, பைக் நிறுத்துறதுல சண்டை, திருவிழாவுல கைகலப்பு, நம்ம ஊரு ஸ்டேஷனுக்கு வர்ற அடிதடி கேஸ் பெரும்பாலும் இந்த மாதிரிதான். ரெண்டு பக்கமும் அடி விழுந்திருக்கும், ஆனா யாரு முந்திக்கிட்டு ஆஸ்பத்திரில போய் படுக்குறாங்களோ அவங்க புகார்தாரர், மத்தவர் அக்யூஸ்ட்.

அதனால உங்களுக்கும் சின்னதா கீறல் இருந்தா கூட அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஏஆர் (காயத்தை எழுதி வைக்கிற விபத்துப் பதிவேடு) போடச் சொல்லுங்க. எத்தனை பேரு, எதால அடிச்சாங்கன்னு டாக்டர் கேட்டு எழுதுவாரு, அங்க போய் கௌரவம் பாத்து 'படில வழுக்கி விழுந்துட்டேன்'னு சொல்லிடாதீங்க, பின்னாடி கோர்ட்ல அதைத்தான் எடுத்து நீட்டுவாங்க. அக்யூஸ்ட் உடம்புல இருக்குற பெரிய காயத்துக்கு போலீஸ் தரப்பு விளக்கம் சொல்லலைன்னா அவங்க சொல்ற கதையையே சந்தேகப்படலாம்னு 1976ல லக்ஷ்மி சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஆனா காயம் இருந்ததுக்கு பேப்பர் வேணும்ல.

அடுத்து நீங்களும் ஸ்டேஷன்ல ஒரு புகார் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகார் வந்துச்சுன்னு போலீஸ் கொடுக்குற ஒப்புகை) வாங்கிடுங்க. வாங்க மாட்டேன்னா எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ தபால்ல அனுப்புங்க. கேஸும் கவுண்டர் கேஸும் (அதே சண்டைக்கு எதிர்த்தரப்பு கொடுக்குற கேஸ்) ஒரே அதிகாரிதான் விசாரிக்கணும்னு தமிழ்நாட்டு போலீஸ் நிலை ஆணையிலயே இருக்கு. பக்கத்து கடை சிசிடிவி இருந்தா அன்னைக்கே கேளுங்க, கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிடும்.

எஃப்ஐஆர் காப்பி கிடைச்சதும் செக்‌ஷனைப் பாருங்க. 2024 ஜூலை 1 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ நடந்ததுன்னா பழைய ஐபிசி கிடையாது, அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா). 115(2) சாதா காயம், ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை, ஜாமீன்ல விடக்கூடியது. 117(2) கொடுங்காயம், எலும்பு முறிஞ்சா, பல்லு விழுந்தா இதுல வரும், 7 வருஷம் வரைக்கும். கட்டை, கத்தி, கல்லுன்னு கையில ஏதாவது இருந்ததா எழுதினா 118, இதுதான் தலைவலி, ஜாமீன் உரிமையா கிடைக்காது. வெறுங்கையால அடிச்சதுக்கும் கட்டையைச் சேத்து எழுதிடுவாங்க, அப்போ காயச் சான்றிதழ்ல இருக்குற காயம் கட்டையால வந்திருக்குமான்னு டாக்டரைக் குறுக்கு விசாரணை பண்றதுலதான் வக்கீலோட திறமையே இருக்கு.

7 வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள கேஸ்ல உடனே தூக்கிட்டுப் போகக்கூடாது, 2014ல சுப்ரீம் கோர்ட்டோட அர்னேஷ் குமார் தீர்ப்பு அதைத்தான் சொல்லுது, வழக்கமா பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த நடைமுறைச் சட்டம்) 35(3)ல நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடுவாங்க. நோட்டீஸ் வந்தா கண்டிப்பா போங்க, போகலைன்னா அதுவே அரெஸ்டுக்குக் காரணமாயிடும். ஆனா வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வேண்டவே வேண்டாம், விசாரணையில அவங்க எழுதிக்கிற வாக்குமூலத்துலயும் நீங்க கையெழுத்து போடணும்னு சட்டத்துல இல்ல. 118, 109 (கொலை முயற்சி)னு பெரிய செக்‌ஷன் இருந்தா செஷன்ஸ் கோர்ட்லயோ ஹைகோர்ட்லயோ முன்ஜாமீன் போடுங்க. எஸ்சி/எஸ்டி வன்கொடுமைச் சட்டமும் சேந்திருந்தா பொதுவா முன்ஜாமீன் கிடையாது.

வக்கீலுக்குக் காசு இல்லைன்னா இலவச சட்ட உதவிக்கான 15100க்கு போன் பண்ணுங்க. கஸ்டடில இருக்குறவங்களுக்கு வருமானம் பாக்காமலே இலவச வக்கீல் உண்டு.

இனி தற்காப்பு. பிஎன்எஸ் 34லேருந்து 44 வரைக்கும் இதுதான். அவன் அடிக்க வந்தப்போ தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு, அவன் திரும்பி ஓடும்போது துரத்திப்போய் அடிச்சா அது தற்காப்பு இல்ல, பழிவாங்குறது. இதை நீங்க சந்தேகமே இல்லாம நிரூபிக்கணும்னு இல்ல, அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு காட்டினாலே போதும். ஒரே ஒரு விஷயம், 'நான் அந்த இடத்துலயே இல்ல'ன்னும் சொல்லிட்டு 'தற்காப்புக்கு அடிச்சேன்'னும் சொன்னா ரெண்டும் சேந்து நிக்காது, எதைச் சொல்லப் போறோம்னு முதல் நாளே வக்கீலோட உக்காந்து முடிவு பண்ணிக்கோங்க.

சமாதானம் ஆகணும்னா 115(2)ல அடிபட்டவரே முடிச்சுக்கலாம், 117(2)ல கோர்ட் அனுமதி வேணும், 118(1) (ஆயுதத்தால சாதா காயம்) அப்படி முடியாது, ஹைகோர்ட்ல பிஎன்எஸ்எஸ் 528ல குவாஷ்தான் (கேஸை ரத்து பண்ணச் சொல்ற மனு) போடணும். ஊர்ப் பெரியவங்க முன்னாடி பேசி முடிச்சாச்சுன்னு வாய்தாவுக்குப் போகாம இருக்காதீங்க, கோர்ட் ரெக்கார்டுல கேஸ் உயிரோடதான் இருக்கும், வாய்தா தவறினா பிடிவாரண்ட் வீட்டுக்கு வரலாம்.