புதுச் சிலிக்கேட் தேடுகிறவர்களுக்கு: முதலில் பாதிக் கல்லை எடுத்து வையுங்கள்

கல்லூரி நிலவியல் துறையில் கல்லை அறுத்து, தேய்த்து, கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. இருபத்தாறு வருஷம் ஆகிறது. பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் குவாரிக்குப் போய்வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர், "அண்ணாச்சி, இது புதுக் கனிமம்தானே?" என்று கல்லை நீட்டுவார். சிவப்பென்றால் கார்னெட், திருப்பத் திருப்ப நீலம் மாறினால் கார்டியரைட். நூற்றுக்குத் தொண்ணூறு அப்படித்தான் முடியும்.

மீதிப் பத்தில் புதுச் சிலிக்கேட், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் அடிப்படையான கனிமம், இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த வழிமுறை.

கல்லைப் பாறையோடு சேர்த்துப் பெயர்த்தெடுங்கள். எந்த முகப்பு, எந்தப் பட்டை, பக்கத்தில் என்ன கனிமம் என்று அங்கேயே நோட்டில் எழுதுங்கள். ஓடையில் உருண்டு கிடந்ததை நம்பாதீர்கள். பச்சையாகப் பளபளத்த ஒன்றை ஒரு பையன் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தான். பழைய இரும்பு உலையின் கிட்டம். மனுஷன் உலையில் உண்டானது கனிமக் கணக்கில் சேராது.

அடுத்து, கல்லில் பாதியைத் தனி டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆரம்ப காலத்தில் மிளகளவு பழுப்பு மணி ஒன்றை முழுசாகத் தேய்த்துத் தொலைத்தேன். சந்தேகம் வந்தபோது மிஞ்சியது கார்போரண்டம் என்கிற தேய்ப்புப் பொடியின் சேறு. அதிலிருந்து எனக்கு ஒரே ஒழுங்கு: கல்லைத் தின்னாத சோதனை முதலில், தின்னும் சோதனை கடைசியில்.

அடர்த்தி கல்லைத் தின்னாது. கல் ஓரளவு பெரிசாகவும் சுத்தமாகவும் இருந்தால் நகைக்கடைத் தராசு போதும். காற்றில் 6.2 கிராம், நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 4.2. வித்தியாசம் 2, 6.2-ஐ அதால் வகுத்தால் 3.1. குவார்ட்ஸ் 2.65 என்பதால் அது இல்லை என்று தெரிந்துவிடும்.

அப்புறம் சீவல், அதாவது ஒளி ஊடுருவும்படி கண்ணாடியில் ஒட்டித் தேய்த்த மெல்லிய கல் துண்டு. 0.03 மி.மீ. கனத்துக்குத் தேய்க்க வேண்டும். அளவுகோல் வேண்டாம், குறுக்கு ஒளியில், அதாவது நுண்ணோக்கியில் ஒளியை வடிகட்டும் இரண்டு தகடுகளைக் குறுக்காக வைத்துப் பார்க்கும்போது, குவார்ட்ஸ் மணி சாம்பல் வெள்ளைக்கு வந்தால் நிறுத்துங்கள், மஞ்சள் தெரிந்தால் இன்னும் தேயுங்கள். எலக்ட்ரான் கற்றையை அடித்து எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும் கருவி மைக்ரோபுரோப். அதற்குப் போகும் சீவலுக்கு மேல்கண்ணாடி ஒட்டாதீர்கள். பாலிஷ் செய்து கார்பன் பூச வேண்டும்.

மைக்ரோபுரோப் தரும் ஆக்சைடு சதவீதங்களைக் கூட்டிப் பாருங்கள். நூறுக்குக் கிட்டே வர வேண்டும். மேலே சொன்ன 3.1 கல்லுக்கு 86-தான் வந்தது. துறையே குதித்தது. அந்தக் கருவி ஹைட்ரஜனைப் பார்க்காது. போரான், லித்தியம் போன்ற லேசானவற்றிலும் தடுமாறும். கடைசியில் அது டூர்மலின், போரான் கலந்த ஒரு சிலிக்கேட் குடும்பம். காணாமல் போனதில் பத்து சதவீதத்துக்கு மேல் போரான் ஆக்சைடு, மீதி பெரும்பாலும் தண்ணீர். படிக முகங்கள் உடைந்திருந்ததால் கண்ணுக்குச் சிக்கவில்லை. கொஞ்சம் வெட்கம்தான்.

ஆனால் டூர்மலின் என்றதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அமைப்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இரும்பு மேலோங்கினால் ஷார்ல், மக்னீசியம் மேலோங்கினால் டிராவைட். இதுவரை யாரும் பார்க்காத ஒன்று மேலோங்கினால் அதுவே புது இனம். புதுக் கனிமங்கள் பல இப்படிப் பழைய குடும்பத்துக்குள்ளிருந்துதான் வருகின்றன.

எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒற்றைப் படிக எக்ஸ்ரேதான் சொல்லும். ஒரு சிலிக்கானைச் சுற்றி நாலு ஆக்சிஜன். இந்த நான்முகிகள் தனியாக நிற்கின்றனவா, வளையமா, சங்கிலியா, தகடா, முப்பரிமாண வலையா என்பது அதில் தெரியும். 0.1 மி.மீ. துகளே போதும், விரிசல் இல்லாமல் இருந்தால். பொடி எக்ஸ்ரேக்கு அரைக்க வேண்டும் என்பதால் அது கடைசி.

எல்லாம் கூடிவந்தால் சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் ஆணையத்துக்கு முன்மொழிவு அனுப்ப வேண்டும். வேதியியல், படிக அமைப்பு, ஒளியியல் அளவுகள், கடினத்தன்மை, கிடைத்த இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நாட்டுப் பிரதிநிதிகள் வாக்களிப்பார்கள். உங்கள் பெயரையே வைத்துக்கொள்ள முடியாது. உயிரோடிருக்கிற வேறொருவர் பெயரென்றால் அவர் சம்மதம் வேண்டும். ஊர்ப் பெயர் வசதி. மூல மாதிரியை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். நீங்கள் மூடிவைத்த பாதிக் கல் வெளியே வருவது அப்போதுதான்.

ஒப்புதல் வருமுன் பெயரை அச்சிடக் கூடாது. அதுவரை டப்பா மேல் எண் மட்டும் எழுதுங்கள், அதுவும் பென்சிலால், மை அழிந்துவிடுகிறது.