மட்டக்களப்பு வாவியில் கயாக் ஏறிப் பறவை பார்க்கச் செல்வோருக்கு

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் குடும்பங்கள் பல, மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அப்படியே பாசிக்குடாவுக்குப் புறப்பட்டுவிடுகின்றன. கரையோரமாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியைப் பாலத்தின் மேலிருந்து மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது பெரிய இழப்பு. உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் ஏறி, மாலை வேளையில் இரண்டு மணிநேரம் மெல்லத் துடுப்புப் போட்டால், கரையில் நின்று காண முடியாத பறவைகளை அவற்றின் போக்கிலேயே காணலாம்.

பருவத்தை முதலில் கவனியுங்கள். ஒக்ரோபர் இறுதியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழையில் வாவி பெருகி முகத்துவாரம் வழியே கடலுக்குப் பாயும். அக்காலம் புதியவர்கள் கயாக் ஏறுவதற்கு உரியதன்று. மழை ஓய்ந்தும் வலசைப் பறவைகள் இன்னும் வடக்கே திரும்பாமலும் இருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களே மிகச் சிறந்தவை. பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையால் யூலை, ஓகஸ்டில் மட்டுமே வர முடிந்தவர்கள் மனம் சோர வேண்டியதில்லை. கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி, செம்பருந்து ஆகியவை ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்பவை. ஆனால் அம்மாதங்களில் கச்சான் காற்று வீசும் நாட்களில் நீர் அலைந்துகொண்டிருக்கும் என்பதால், புறப்படும் நேரத்தை வழிகாட்டியின் தீர்ப்புக்கு விட்டுவிடுவது நல்லது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைப் பேசுவதற்கு முன்னர், பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி உண்டா, இருட்டினால் பயன்படுத்த விளக்கு உண்டா, எந்தப் பகுதிகளில் முதலை நடமாட்டம் இருக்கிறது என்று கேளுங்கள். வாவியில் முதலைகள் உண்டு. அதை மறைக்காமல் சொல்லி, உவர்நீர்க் கரையில் வளரும் கண்டல் மரங்களின் அடியை ஒட்டிப் போகக் கூடாது, நீரில் கைகால்களைத் தொங்கவிடக் கூடாது என்று எச்சரிப்பவரையே நான் நம்புவேன். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கியைக் கழற்றக் கூடாது. உங்கள் பயணக் காப்புறுதி நீர் விளையாட்டுகளையும் உள்ளடக்குகிறதா என்பதை வீட்டிலிருந்து புறப்படும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் நான்கு, நான்கரை மணிக்கு நீரில் இறங்குவது நல்லது. இருவர் அமரும் கயாக்கில் பழக்கமுள்ளவர் பின்னால் இருந்து திசை பிடிக்க, முன்னால் இருப்பவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் தொலைநோக்கியை எடுக்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் பறவையைப் பார்க்கத் திரும்பினால் கயாக் ஆடும். வெயில் மேற்கிலிருந்து விழுவதால் கிழக்குக் கரைப் பறவைகளே நிறம் தெளிந்து தெரியும், மேற்குக் கரையில் இருப்பவை வெறும் நிழலுருவாகத்தான் தோன்றும்.

வலை கட்ட நட்ட கம்புகளை விடாமல் பாருங்கள். அவற்றின் உச்சியில் நீர்க்காகம் இரு சிறகுகளையும் அகல விரித்து நிற்கும். அதன் இறகுகள் நீரில் நன்றாக நனைபவை ஆதலால், மூழ்கி மீன் பிடித்த பிறகு அப்படி உலர்த்திக்கொள்கிறது. கறுப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி வேறொரு காட்சி: அலகைக் கீழே நேராகத் தாழ்த்தி, ஓரிடத்திலேயே சிறகடித்து அந்தரத்தில் நின்று, பின் கல் விழுவதுபோல் நீரில் விழும். வெண்தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட செம்பருந்து மூழ்குவதே இல்லை. நீர்ப்பரப்பைக் கால் நகங்களால் மட்டும் தொட்டு இரையை எடுத்துச் செல்லும்.

சூரியன் சாயும்போது கொக்குகள் கூட்டமாகக் கண்டல் மரங்களில் அடையத் தொடங்கும். இங்கேதான் மிகுந்த கட்டுப்பாடு வேண்டும். பறவைகள் கழுத்தை நிமிர்த்தினாலோ கிளையில் இடம் மாறினாலோ நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். உடனே துடுப்பை நிறுத்திப் பின்வாங்குங்கள். படத்துக்காக அவற்றைக் கிளப்பும் வழிகாட்டியிடம், வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ட்ரோன் பறக்கவிட இலங்கையில் அனுமதி தேவை. அனுமதி இருந்தாலும் பறவைகள் அடையும் இடத்தருகே அதை எடுக்கவே கூடாது.

இதே வேளையில்தான் மீனவர்கள் தோணிகளில் வலை போட வருகிறார்கள். மிதவைகளின் வரிசையைக் கண்டால் குறுக்கே போகாமல் சுற்றிச் செல்லுங்கள். உங்கள் துடுப்பில் சிக்கிக் கிழியும் வலை ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம்.

ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் கோடைக்கால அந்தி நெடுநேரம் நீடிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், இங்கே ஆறு, ஆறரை மணியளவில் சூரியன் மறைந்த அரைமணிக்குள் இருட்டிவிடும் என்பதை மறக்கக் கூடாது. நீண்ட கைச் சட்டை, நுளம்புத் தைலம், குடிநீர், தொலைபேசிக்கு நீர் புகாத பை ஆகியவை போதும். சட்டை மங்கிய நிறமாக இருக்கட்டும்.

வாவியின் அடியிலிருந்து எழுவதாகச் சொல்லப்படும் பாடும் மீனின் ஒலியைக் கேட்க விரும்புவோர், ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடைப்பட்ட முழுநிலவு இரவொன்றைத் தெரிந்து, கல்லடிப் பாலத்தின் அருகே அமைதியான நீரில் துடுப்பின் ஒரு முனையை ஆழ்த்தி, மறு முனையில் காதை வைத்துக் கேட்பது பழைய வழக்கம். ஊரி எனப்படும் நத்தைவகையே ஒலியெழுப்புகிறது என்று மீனவர்கள் சொன்னதை 1848 இல் இங்கு வந்த, பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் எழுதிவைத்திருக்கிறார். முழுநிலவு நாளான போயா இலங்கையில் பொது விடுமுறை என்பதால், அந்த இரவுக்கான கயாக்கைச் சில வாரங்களுக்கு முன்பே ஒழுங்குசெய்து வையுங்கள்.