பொருள் தெரிந்தும் பிழையாகும் ஆங்கிலத் தொடர்கள்

ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்றுத்தரும் புத்தகங்களில் பெரும்பாலானவை ஒரே அமைப்பைப் பின்பற்றுகின்றன: இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். அதை மனப்பாடம் செய்தவருக்கு ‘கிக் த பக்கெட்’ என்றால் இறந்துபோவது என்று தெரிந்திருக்கும். ஆனால் நண்பரின் தந்தை காலமான செய்தி கேட்டு எழுதும் இரங்கல் கடிதத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதை அந்தப் பட்டியல் அவருக்குச் சொல்லியிருக்காது. தமிழில் ‘மண்டையைப் போட்டார்’ என்பதற்கு என்ன மதிப்போ, ஏறக்குறைய அதே மதிப்புதான் அந்த ஆங்கிலத் தொடருக்கும். துக்க வீட்டு வாசலில் நின்று ‘அப்பா மண்டையைப் போட்டுட்டாராமே’ என்று விசாரிப்பவர் யாரும் இல்லை. அங்கே ஆங்கிலத்தில் பொருந்துவது ‘பாஸ் அவே’ என்ற மென்மையான தொடர். அதுவும் வேண்டாமென்றால் ‘டை’ என்ற நேரான வினையே போதும். ஆங்கிலத் தொடர்களில் நாம் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி, பொருளை மட்டும் படித்துவிட்டு, அதை யார் யாரிடம் எப்போது எந்த வடிவத்தில் சொல்வார்கள் என்பதைக் கவனிக்காமல் விடுவதால் வருபவை என்பது என் எண்ணம்.

இதற்கு நானே சாட்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பணியை முடிக்க இரண்டு நாள் கூடுதலாக வேண்டும் என்று மேலதிகாரி ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். பணிவு குறைந்துவிடக் கூடாதே என்று முதல் வரியை ‘வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கினேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘உரிய முழு மரியாதையுடன்’ என்பதுதானே அதன் பொருள். சிறிது நேரத்தில் தொலைபேசியில் அழைத்த அவர், ‘நான் சொன்னதில் எது தவறு என்கிறீர்கள்?’ என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, குழப்பமாகத்தான் கேட்டார். அந்தத் தொடரை ஆங்கிலேயர் ஒருவரை மறுத்துப் பேசுவதற்கு முன்னால்தான் சொல்வார்கள். கேட்பவர் காதில் அது ‘நீங்கள் சொல்வது சரியில்லை’ என்று விழும். தமிழில் ஒருவர் ‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்று ஆரம்பித்தால், அடுத்து வரப்போவது தப்பாக நினைக்கத்தக்க ஒன்று என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா, அதுபோலத்தான்.

இந்த வகையில் இன்னும் சில உண்டு. ‘ஐ ஹியர் வாட் யூ ஆர் ஸேயிங்’ என்று ஒருவர் சொன்னால் அவர் உடன்பட்டுவிட்டார் என்று மகிழ்ந்துவிடக் கூடாது; பெரும்பாலும் அடுத்த சொல் ‘பட்’ ஆகத்தான் இருக்கும். ஒருவர் தகவல் கேட்கும்போது ‘ஆஃப் கோர்ஸ்’ என்று பதில் சொல்வதும் சிக்கல்தான். உதவி கேட்டவரிடம் அதைச் சொன்னால் ‘தாராளமாக’ என்று பொருள். ‘இன்று அலுவலகம் உண்டா?’ என்று கேட்டவரிடம் சொன்னால் ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற தொனி வந்துவிடும். அங்கே ‘யெஸ்’ என்பதே மரியாதை.

உடல் உறுப்புகளை வைத்து அமைந்த தொடர்களில் தமிழர் இன்னும் கூடுதலாக ஏமாறுகிறோம். ஏனென்றால் இரு மொழிகளிலும் அதே உறுப்பு இருக்கும், பொருள் மட்டும் வேறு திசையில் போயிருக்கும். ‘புல்லிங் யுவர் லெக்’ என்பதைக் கேட்டதும் நம் மனம் ‘காலை வாரிவிடுதல்’ என்ற தொடருக்குத் தாவுகிறது. நம்பவைத்துக் கழுத்தறுப்பதைத் தமிழில் காலை வாருதல் என்கிறோம். ஆங்கிலத்திலோ அது விளையாட்டாகப் பொய் சொல்லிச் சீண்டுவது மட்டுமே. பதவி உயர்வைத் தட்டிப் பறித்த சக ஊழியரைப் பற்றி ‘ஹி புல்டு மை லெக்’ என்று புகார் சொன்னால், கேட்பவர் சிரித்துவிட்டுப் போவார். அதேபோல ‘கிவ் ஹிம் எ ஹேண்ட்’ என்பது ‘அவருக்குக் கைகொடு’ என்ற நம் தொடரைப் போல உதவியைக் குறிக்கும். ஆனால் மேடையில் ஒருவரை அறிமுகப்படுத்தி ‘கிவ் ஹிம் எ பிக் ஹேண்ட்’ என்றால் பலமாகக் கைதட்டுங்கள் என்று பொருள். மூக்கை நுழைப்பதும் முதலைக் கண்ணீரும் இரு மொழிகளிலும் ஒன்றாகவே இருக்கின்றன. இப்படிச் சில பொருந்திப்போவதால்தான் எல்லாமே பொருந்தும் என்ற நம்பிக்கை நமக்கு வந்துவிடுகிறது.

வயிற்றின் கதையே தனி. ‘பட்டர்ஃப்ளைஸ் இன் த ஸ்டமக்’ என்ற தொடர் தமிழுக்குப் பெயர்ந்து வந்தபோது காதலின் அடையாளமாக மட்டும் குடியேறிவிட்டது. ஆங்கிலத்தில் காதலுக்கும் அது உண்டு என்றாலும், தேர்வு அறைக்குள் நுழையும் மாணவருக்கும் நேர்காணலுக்குக் காத்திருப்பவருக்கும் மேடையேறப் போகும் பேச்சாளருக்கும் வருகிற படபடப்பைச் சொல்லவே அதை அதிகம் பயன்படுத்துவார்கள். நம்மிடம் அதற்கு நெருக்கமாக இருப்பது ‘வயிற்றைக் கலக்குகிறது’ என்பது. ‘வயிற்றில் புளியைக் கரைத்தது’ என்றால் அச்சத்தின் அளவு கொஞ்சம் கூடிவிடும். மறுபுறம், பிறர் படும் துன்பத்தைப் பார்த்து ‘வயிறு எரிகிறது’ என்று நாம் சொல்வதை அப்படியே ‘மை ஸ்டமக் இஸ் பர்னிங்’ என்று மாற்றினால், கேட்பவர் அமிலத்தை அடக்கும் மாத்திரையைத்தான் தேடுவார்.

அடுத்தது வடிவம். மரபுத்தொடர் என்பது இறுகிப்போன ஒன்று. அதன் சொற்களை இலக்கணம் அனுமதிக்கிற எல்லா வழிகளிலும் அசைத்துப் பார்க்க முடியாது. ‘கம்பி நீட்டினான்’ என்றால் ஓடிப்போனான் என்று புரிகிறது. ‘அவனால் கம்பி நீட்டப்பட்டது’ என்றால் ஒரு பட்டறைதான் நினைவுக்கு வருகிறது. ‘கிக் த பக்கெட்’ என்பதும் அப்படித்தான்: ‘த பக்கெட் வாஸ் கிக்டு’ என்று செயப்பாட்டு வினையாக்கிய கணத்தில் சாவு மறைந்து, உதைபட்ட வாளி மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் எல்லாத் தொடர்களும் ஒரே அளவுக்கு இறுகியவை அல்ல. இரகசியத்தைக் கொட்டிவிடுவதைக் குறிக்கும் ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்பதைச் செயப்பாட்டு வினையில் சொன்னாலும் பொருள் கெடாது. அங்கே பீன்ஸ் என்பது இரகசியத்துக்கும் கொட்டுதல் என்பது வெளிப்படுத்துதலுக்கும் ஈடாக நிற்கின்றன, அதனால் பகுதிகளைப் பிரித்து அசைக்க முடிகிறது. வாளி எதற்கும் ஈடாக நிற்கவில்லை. பன்மையிலும் சேர்க்கைச் சொற்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பத்து வேலைகள் எளிதாக இருந்தாலும் அவை ‘எ பீஸ் ஆஃப் கேக்’ தான், ‘பீஸஸ்’ ஆகாது. மேடைகளில் அடிக்கடி கேட்கிற ‘லாஸ்ட் பட் நாட் த லீஸ்ட்’ என்பதில் ‘த’ மிகை. ‘லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்’ என்பதே மரபு.

ஒரு சிறு வினையோடு ஒட்டுச்சொல் சேர்ந்து புதுப் பொருள் தரும் ‘ஃப்ரேஸல் வெர்ப்’ வகைதான் அன்றாடப் பேச்சில் நம்மை அதிகம் படுத்துகிறது. இதைக் கண்டு மலைக்கத் தேவையில்லை. தமிழிலும் துணைவினைகள் ஏறத்தாழ இந்த வேலையைத்தான் செய்கின்றன. ‘பார்’ என்ற ஒரு வினை ‘பார்த்துக்கொள்’ என்றானதும் பராமரிப்பாகிறது; ‘ஒரு கை பார்த்துவிடு’ என்றால் சண்டைக்கே போய்விடுகிறது. ஆங்கிலத்தில் ‘லுக் ஆஃப்டர்’ பார்த்துக்கொள்வது, ‘லுக் இன்டு’ விசாரிப்பது, ‘லுக் அப்’ அகராதியிலோ பட்டியலிலோ தேடி எடுப்பது, ‘லுக் டௌன் ஆன்’ ஒருவரை இளக்காரமாக நினைப்பது. ‘லுக் அப்’ என்பதோடு ‘டு’ சேர்ந்தால் ஒருவரை மதித்துப் போற்றுவதாகிவிடும். ‘புட்’ என்பதை எடுத்துக்கொண்டால் ‘புட் ஆஃப்’ தள்ளிப்போடுவது, ‘புட் அவுட்’ நெருப்பை அணைப்பது, ‘புட் அப் வித்’ சகித்துக்கொள்வது.

இவற்றில் செயப்படுபொருளை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘டர்ன் ஆஃப் த லைட்’, ‘டர்ன் த லைட் ஆஃப்’ இரண்டும் சரி. விளக்கு என்ற பெயரை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டால் அது நடுவில் மட்டுமே உட்காரும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் இட்’ என்பது பிழை. ‘லுக் ஆஃப்டர்’ இதற்கு நேர்மாறு. அதைப் பிரிக்கவே முடியாது, ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்றுதான் சொல்ல வேண்டும். எது பிரியும், எது பிரியாது என்பதற்கு முழுமையான விதி ஒன்றும் இல்லாததால், ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தோடு மனத்தில் பதிய வைப்பதே நல்லது. கடிதங்களின் கடைசி வரியில் வரும் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அந்த ‘டு’ முன்னிடைச்சொல் என்பதால் அதன்பின் ‘மீட்டிங் யூ’ வர வேண்டும், ‘மீட் யூ’ வரக் கூடாது.

காதால் மட்டும் கேட்டுக் கற்றுக்கொள்வதிலும் ஆபத்து உண்டு; இதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தப்புவதில்லை. ‘நடைமுறையில் பார்த்தால்’ என்ற பொருளுடைய ‘ஃபார் ஆல் இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பஸஸ்’ என்பதை ‘ஃபார் ஆல் இன்டென்சிவ் பர்ப்பஸஸ்’ என்று எழுதுகிறவர்கள் அங்கேயே ஏராளம். விதிக்குக் கட்டுப்படுவதைச் சொல்லும் ‘டோ த லைன்’ என்பதில் வருவது கால்விரலைக் குறிக்கும் ‘டோ’. கோட்டில் விரலை வைத்து நிற்பதுதான் அதன் படிமம். வண்டியை இழுப்பதைக் குறிக்கும் இன்னொரு ‘டோ’ உச்சரிப்பில் ஒன்றே என்பதால் எழுத்தில் அது புகுந்துவிடுகிறது. இப்படித் தவறாகக் கேட்டும் ஓரளவு பொருத்தமாகப் படுகிற பிழைகளுக்கு மொழியியலாளர்கள் 2003-இல் ‘எக்கார்ன்’ என்று பெயரிட்டார்கள். ஓக் மர விதையைக் குறிக்கும் ‘ஏகார்ன்’ என்ற சொல்லை ஒருவர் ‘எக் கார்ன்’ என்று விளங்கிக்கொண்டதிலிருந்து பிறந்த பெயர் அது.

நாடு மாறினால் பொருளே தலைகீழாகிவிடும் சொற்களும் இருக்கின்றன. கூட்டங்களில் ஒரு பொருளை ‘டேபிள்’ செய்வது என்றால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்க ஆங்கிலத்தில் விவாதத்தைத் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அறிக்கையை அவசரம் கருதி ‘டேபிள்’ செய்ய விரும்பினார்கள். அதே அவசரம் கருதி அமெரிக்க அதிகாரிகள் அதைச் செய்யவே கூடாது என்றார்கள். இரு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறது என்று புரியும்வரை நீண்ட வாக்குவாதம் நடந்ததாக வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் பதிவுசெய்திருக்கிறார். தெற்காசிய ஆங்கிலத்தில் படிப்பை முடித்ததைச் சொல்லும் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2015’ என்பதும் இப்படிப்பட்டதுதான். வெளிநாட்டவர் பலருக்கு அது, அந்த ஆண்டு மயங்கி விழுந்ததாகவே கேட்கும்.

தோற்றக் கதைகளை நம்பித் தொடரை விளக்குவதும் தவிர்க்க வேண்டியதே. கூரையில் தூங்கிய பூனைகளும் நாய்களும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ வந்தது என்ற கதை, 1999-இல் பரவிய ஒரு மின்னஞ்சலின் கைவரிசை. தோராய அளவைக் குறிக்கும் ‘ரூல் ஆஃப் தம்ப்’ என்பதற்கு, மனைவியைக் கட்டைவிரல் பருமனுள்ள கோலால் அடிக்கலாம் என்ற சட்டமே மூலம் என்பார்கள். ஆங்கிலேய நீதிபதி பிரான்சிஸ் புல்லர் அப்படிச் சொன்னதாக 1782-இல் வதந்தி பரவி, அவரைக் கிண்டலடித்துக் கேலிச்சித்திரம் வந்தது உண்மை. ஆனால் அந்தத் தொடர் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அனுபவ அளவு என்ற பொருளில் வழங்கிவந்தது.

ஒரு தொடரை எழுதலாமா என்ற ஐயம் வந்தால், மொழி கற்பவர்களுக்கென்று வெளியாகும் ஆங்கில அகராதி ஒன்றைத் திறந்து பார்க்கலாம். பொருளுக்கு முன்னால் சிறிய எழுத்தில் ‘இன்ஃபார்மல்’, ‘ஓல்ட்-ஃபேஷண்ட்’, ‘ஹ்யூமரஸ்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். நாம் வழக்கமாகத் தாண்டிச் செல்வது அதைத்தான். ‘கிக் த பக்கெட்’ என்பதற்கு அங்கே ‘இன்ஃபார்மல்’ என்று போட்டிருப்பதைப் பார்க்கிறவர், இரங்கல் கடிதத்தில் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.