செய்முறை வகுப்புக்குத் தனி விடுப்புக் கணக்கு

பெங்களூருவில் பி.எஸ்சி. முதலாண்டு உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள், பருவம் தொடங்கும் வாரத்திலேயே செய்முறை வகுப்புக்கு எத்தனை நாள் விடுப்பு எடுக்கலாம் என்பதைத் தனியாகக் கணக்கிட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது.

பல கல்லூரிகள் 75 விழுக்காடு வருகையைப் பாட வகுப்புக்கும் செய்முறைக்கும் தனித்தனியே பார்க்கின்றன. வாரத்துக்கு 4 பாட வகுப்பு என்றால் 15 வாரத்தில் 60 வகுப்புகள் வரும். அவற்றில் 15 தவறினாலும் தப்பிவிடலாம். ஆனால் வாரம் ஒருமுறை நடக்கும் செய்முறையில் மொத்தமே 15 வகுப்புகள்தாம் என்பதால் 12-க்குக் கட்டாயம் வர வேண்டும். மிஞ்சுவது மூன்றே நாள். தவறிய பாடத்தை நண்பரின் குறிப்பேட்டைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம், அன்றைக்கென்று தயாரித்த ஸ்டார்ச் கரைசலை வைத்து எச்சில் நொதியின் வேலையைப் பார்ப்பதற்கு அப்படி வழியில்லை. இங்கே சங்கராந்திக்குப் பெரும்பாலும் ஒரு நாள்தான் விடுமுறை. மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் முடித்துத் திரும்புவோர், செய்முறை எந்தக் கிழமை என்று பார்த்த பிறகே பேருந்துக்கு முன்பதிவு செய்யட்டும்.

இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காகப் பார்க்கும் கல்லூரிகளுக்கு இது பொருந்தாது. மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் வருகைக் குறைவை மன்னிக்கும் இடங்களிலும், செய்முறைப் பதிவேட்டில் அந்தச் சோதனைக்கான ஆசிரியர் கையெழுத்து தானாக வந்துவிடாது. வேறு கிழமையில் செய்முறை உள்ள மாணவர் அணியுடன் அதே வாரத்தில் அந்தச் சோதனையைச் செய்துவிட அனுமதி கேட்பதே உருப்படியான வழி.