பழைய டி7200 பார்க்கப் போகும்போது டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்

செகண்ட் ஹேண்ட் கேமரா என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது?" கேட்க வேண்டியதுதான். ஆனால் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தூத்துக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்குக் கிளிக் கணக்கைவிட, லென்ஸில் பூஞ்சை பிடிக்கவைக்கும் ஈரக்காற்றின் மேல்தான் பயம்.

நிக்கான் டி7200-ஐ எடுத்துக்கொள்வோம். 2015-இல் வந்த மாடல். கல்யாணப் படம் எடுப்பவர்கள் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாற மாற, இது விலைக்கு வருகிறது. 24 மெகாபிக்சல். ஃபோகஸ் மோட்டார் கேமராவுக்குள்ளேயே இருப்பதால் சொந்த மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களும் தானாக ஃபோகஸ் ஆகும். இரண்டு மெமரி கார்டு போடலாம். அடுத்து வந்த டி7500-இல் ஒன்றுக்குத்தான் இடம்; அந்தச் சிக்கனம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒவ்வொரு கிளிக்குக்கும் திறந்து மூடும் இதன் ஷட்டரை 1,50,000 முறை இயக்கிச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. அந்த எண்ணைத் தாண்டியதும் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. உங்கள் கார்டைப் போட்டு ஒரு படம் எடுங்கள். படத்தோடு சேர்ந்தே பதியும் எக்ஸிஃப் விவரம் காட்டும் செயலியில் அதைத் திறந்தால் ஷட்டர் எண்ணிக்கையும் சீரியல் எண்ணும் தெரியும். விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் இதற்கு உதவாது, விவரமெல்லாம் உதிர்ந்திருக்கும். சீரியல் எண் பில்லோடும் கேமராவில் அச்சிட்டிருப்பதோடும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எண்பதாயிரம் கிளிக் ஓடிய கல்யாணக் கேமராவா, பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் தூங்கிய ஐயாயிரம் கிளிக் கேமராவா என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். வாராவாரம் வெளிச்சமும் காற்றும் பட்ட லென்ஸில் பூஞ்சை எளிதில் குடியேறாது.

லென்ஸைப் பார்க்கும் முறை இது. கழற்றி, இரண்டு மூடிகளையும் எடுத்துவிடுங்கள். இதோடு வரும் 18-140 போன்ற லென்ஸ்களில் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் திறப்பை, மாற்றும் வளையம் கிடையாது. கழற்றியதும் உள்ளே இதழ்கள் மூடிக்கொள்ளும். பின்பக்கம் சிறிய உலோக நெம்புகோல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் மெல்லத் தள்ளிப் பிடித்தால் இதழ்கள் திறக்கும். ஒரு பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். தனித்தனிப் புள்ளிகள் தூசி. அதைப் பொருட்படுத்த வேண்டாம். கண்ணாடியின் விளிம்பிலிருந்து வேர் விட்டதுபோல் மெல்லிய இழைகள் கிளைத்திருந்தால் பூஞ்சை. "துடைத்தால் போய்விடும் சார்" என்பார்கள். உள்கண்ணாடியில் இருப்பதை லென்ஸைப் பிரிக்காமல் துடைக்க முடியாது. துடைத்தாலும் மேல்பூச்சில் அரித்த தடம் நிற்கலாம். லென்ஸ் வேண்டாம், பாடி மட்டும் போதும் என்று சொல்லி விலையைக் குறையுங்கள்.

படம் பதியும் சென்சாரைச் சோதிக்க, அப்பர்ச்சர் எஃப்/16, ஐஎஸ்ஓ 100 வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு வெள்ளைச் சுவரை எடுங்கள். மங்கலான புள்ளிகள் தூசிதான், சுத்தம் செய்துகொள்ளலாம். கோடு தெரிந்தால் வேண்டாம்.

ஃபோகஸைச் சோதிக்க, சுவரில் மாட்டிய காலண்டரின் எழுத்துகளை லென்ஸின் முழுத் திறப்பில் வியூஃபைண்டர் வழியாக ஒரு முறையும், பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் ஒரு முறையும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் படம் மட்டும் தொடர்ந்து மங்கினால் ஃபோகஸ் நகர்ந்திருக்கிறது. சிறிய அளவென்றால் மெனுவிலேயே திருத்த வசதி உண்டு.

கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பர் தூக்கியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், பேரம் பேச நல்ல பிடி அது. அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களின் தலை சிதைந்திருந்தால் மட்டும் யார், எதற்குத் திறந்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு கார்டு இடங்களிலும் படம் பதிவாகிறதா என்று பாருங்கள். பேட்டரியின் வயதை மெனுவே 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பணத்தை எண்ணுங்கள். ரசீதில் சீரியல் எண்ணை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.